வாயில்லாதவர் சங்கம்

காட்டோரக் குளத்தங்கரையில் ஒரு கழுதை இருந்தது. படித்த கழுதை.

ஊருக்குள் இருந்த காலத்தில் அது சுவரொட்டி தின்று வளர்ந்தது. தின்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடும் பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கபடிப் போட்டி, பொதுக்கூட்டம் என்று அது படிக்காத துறை இல்லை. வயதாகிப் பொதி சுமக்க முடியாமல் போனதும், எசமான் அதைக் காட்டோரம் ஓட்டிவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். குளத்து விலங்குகள் அதைப் புலவர் என்று அழைத்தன. கழுதை மறுக்கவில்லை.

ஒரு கோடையில் இரண்டு வேன்கள் நிறைய மனிதர்கள் அந்தக் குளத்துக்கு வந்தார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டினார்கள். ஒருவர் மைக்கில் அன்பைப் பற்றி நெடுநேரம் பேசினார். நடுவில் ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தது. அவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். நாய் ஓடியது. அவர் விட்ட இடத்திலிருந்து அன்பைத் தொடர்ந்தார்.

பிறகு எல்லோரும் புளியோதரையும் மிக்சரும் சாப்பிட்டார்கள். பேனருக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வெயில் சாயும் முன் கிளம்பிவிட்டார்கள். தின்றது போக மிஞ்சியதெல்லாம் கரையிலேயே கிடந்தது. அதில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவும் உண்டு. கண்ணாடி போலத் தெளிவான டப்பா. அதன் அடியில் ஒரு பிடி மிக்சர் இருந்தது.

வேன் சத்தம் அடங்கியதும் விலங்குகள் பேனருக்குக் கீழே கூடின. கழுதை வழக்கம்போல ஒரு மூலையைக் கடித்து இழுத்து, மென்று பார்த்து, துப்பியது. இப்போதைய எழுத்தில் சாரமே இல்லை என்று வருத்தப்பட்டது. தின்ன முடியாததால் படிக்க மட்டும் செய்தது.

"வாயில்லா ஜீவன்களிடம் இரக்கம் காட்டுவோம்."

கூட்டம் கொஞ்ச நேரம் யோசித்தது.

"அது யாரு?" என்று கேட்டது ஒரு தவளை.

தங்களைத் தவிர மற்ற எல்லா உயிர்களையும் மனிதர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். விடிந்தது முதல் அடைகிற வரை வாய் ஓயாத கூட்டம் அது. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. எல்லா முகத்திலும் வாய் இருந்தது. சிலவற்றில் அதிகமாகவே இருந்தது.

அப்போது கிளையிலிருந்து காகம் சொன்னது: "எனக்கு வாய் கிடையாது."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இது அலகு" என்றது காகம்.

தீர்ப்புக்காகக் கூட்டம் கழுதையின் பக்கம் திரும்பியது. கழுதை கண்ணை மூடித் தான் தின்ற சுவரொட்டிகளை எல்லாம் ஒருமுறை அசை போட்டுப் பார்த்தது. காக்கை வாய் என்று எங்கும் எழுதி அது தின்றதில்லை. காகம் சொல்வது மொழிப்படி சரி என்று அறிவித்தது.

அவ்வளவுதான். கொக்கு தனக்கும் அலகுதான் என்றது. மைனாக்களும் மீன்கொத்தியும் தங்களுக்கும் அதேதான் என்றன. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, இப்போது வாய் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம் என்று உள்ளேயிருந்து சவால் விட்டது. தலை உள்ளே இருக்கும் நேரத்தில் மட்டும் அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. தவளைகள் கேட்டுப் பார்த்தன. தவளை என்பதே வாய்தான், மற்றதெல்லாம் அதற்குக் கால் முளைத்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பொழுது சாய்வதற்குள் வாயில்லாதவர் சங்கம் உருவாகிவிட்டது. காகம் தலைவர். கொக்கு செயலாளர். கழுதைக்கு வாய் இருப்பதை எவ்வளவு முயன்றும் மறைக்க முடியாததால் அது ஆலோசகர்.

குளத்தின் கிழக்குக் கரை பாறைச் சரிவு. கோடையிலும் தெளிந்த தண்ணீர் நிற்கும் ஒரே இடம் அதுதான். மேற்கே முழங்கால் அளவு சேறு. இனிமேல் கிழக்குக் கரை வாயில்லாதவர்களுக்கு மட்டும் என்று சங்கம் தீர்மானித்தது. இரக்கத்தை எங்கேயாவது தொடங்க வேண்டும் அல்லவா? யார் வேண்டுமானாலும் சேரலாம், ஆனால் ஏமாற்றுக்காரர்கள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கொக்கு ஒரு விதி எழுதியது. சேர விரும்புகிறவர் நேரில் வந்து, தனக்கு வாயில்லை என்பதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

விதியைக் கழுதை இரண்டு முறை வாசித்துச் சரி பார்த்தது. பிழை எதுவும் இல்லை என்றது.

எருமை மட்டும் கூட்டத்துக்கு வரவில்லை. அது காதுவரை சேற்றில் அமிழ்ந்து கிடந்தது. பேனர் கட்டியதும் தெரியாது, சங்கம் பிறந்ததும் தெரியாது.

அன்று மாலை, எல்லோரும் கலைந்த பிறகு, புதரிலிருந்து நரி வெளியே வந்தது.

அந்தக் காட்டில் வாய் என்றால் அது நரியின் வாய்தான். பேசியே கொக்கின் மீனை வாங்கித் தின்றது. நொண்டுகிறேன் என்று பேசியே ஒரு மாதம் மயிலின் தோகை நிழலில் படுத்திருந்தது. அதன் பேச்சைக் கேட்டு ஏமாறாத விலங்கு காட்டில் இல்லை. ஏமாந்ததை மறந்த விலங்கும் இல்லை.

நரி மிக்சர் வாசனையைப் பிடித்து டப்பாவுக்குள் தலையை விட்டது. மிக்சர் நன்றாக இருந்தது. தலையை எடுக்கப் பார்த்தது. வரவில்லை. காது மடங்கி உள்ளே போன வழியில் நிமிர்ந்து வெளியே வர மாட்டேன் என்றது. காலால் தள்ளிப் பார்த்தது. மரத்தில் மோதிப் பார்த்தது. தரையில் உருண்டு பார்த்தது. டப்பாவின் வாய் நரியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு விடவில்லை. ஓரத்தில் காற்று நுழைய மட்டும் இடம் இருந்தது.

மறுநாள் மதியம் நரி கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. வெயிலில் டப்பா உலை மாதிரி கொதித்தது. மிக்சரின் உப்பு நாக்கை அறுத்தது. அதற்குத் தண்ணீர் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

தண்ணீரில் தலையைக் கவிழ்த்தது. டப்பா மிதந்தது. எவ்வளவு அழுத்தினாலும் நரியின் நாக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சுவர் நின்றது.

கொக்கு ஒரு காலை ஊன்றி வழி மறித்தது. இது வாயில்லாதவர்களின் கரை என்று சொல்லி, சங்கத்தில் சேர்ந்தாயிற்றா என்று விசாரித்தது. நரி தலையை வேகமாக ஆட்டியது. தலையாட்டுவதற்கு விதியில் இடம் இல்லை, வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று கொக்கு பொறுமையாக விளக்கியது. நரி வாயைத் திறந்தது. டப்பாவுக்குள்ளிருந்து "ம்ம்ஊ" என்று ஒரு சத்தம் வந்தது.

"மெட்டு தெரிகிறது. சொல்தான் பிடிபடவில்லை" என்றது கழுதை.

காகம் பறந்து வந்து டப்பாவின் மேல் உட்கார்ந்து அலகால் டொக் டொக் என்று தட்டிப் பார்த்தது. பிறகு தலைகீழாகக் குனிந்து உள்ளே உற்றுப் பார்த்தது. வாய் இருந்தது. பல் இருந்தது. வீங்கிய நாக்கும் இருந்தது. இதோ வாய் இருக்கிறதே என்று காகம் கூவியது. அதற்குள் நரி ஒரு மூச்சு விட, டப்பாவுக்குள் ஆவி படர்ந்து எல்லாம் மறைந்துபோனது. மைனாக்கள் வாய் இல்லை என்றன. ஆவி கலைந்தது. இருக்கிறது என்றன. நரி மறுபடி மூச்சு விட்டது. இல்லை என்றன.

இது அவசரப்பட்டு முடிவு செய்கிற விஷயம் இல்லை என்று காகம் கருதியது. நரி மூச்சு விடுவதை நிறுத்திய பிறகு ஆற அமரப் பார்த்துச் சொல்லலாம் என்று மீன்கொத்தி யோசனை சொன்னது. அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

எதற்கும் இது நரியின் புது நாடகமாக இருக்கலாம் என்று கொக்கு நினைவூட்டியது. போன வருடம் நரியிடம் பறிகொடுத்த மீன் அதற்கு இன்னும் செரிக்கவில்லை. "இவன் வாயைத் திறந்தாலும் பொய். மூடினாலும் பொய். பாத்துக்குங்க."

நரி திரும்பி நடந்தது. பாதையில் இருந்த கல்லில் இடித்துக்கொண்டு விழுந்தது. எழுந்து மறுபடி நடந்தது. சிரித்தவர்கள் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் நரி மேற்கே, சேற்றில் நின்றுகொண்டிருந்தது. கால் நான்கும் தண்ணீருக்குள். வயிற்றைத் தண்ணீர் தொட்டது. அவ்வளவு தண்ணீரில் நின்றும் ஒரு சொட்டு உள்ளே போக வழியில்லை. இனி எங்கும் போவதாக இல்லை என்பது போல அது நின்றது.

பக்கத்தில் ஒரு கறுப்புப் பாறை கண்ணைத் திறந்தது. அது எருமை.

"என்னடா தம்பி, தண்ணிக்குள்ள நிக்கிற, குடிக்க மாட்டேங்குற?"

"ம்ம்" என்றது டப்பா.

எருமை அதையே பார்த்தது. அது எதையும் மெதுவாகத்தான் பார்க்கும். பார்த்து முடித்ததும் எழுந்தது. கரைக்கு வரச் சொல்லி முகத்தால் நரியைத் தள்ளிக்கொண்டு வந்தது. தலையைத் தரையில் சாய்க்கச் சொன்னது. நரிக்குப் புரிந்தது. எருமையின் குளம்பையும் பார்த்தது. ஓரடி பின்வாங்கியது.

"பயப்படாத. காலடியில கன்னு படுத்திருக்கும்போதே நடந்து பழகின காலு இது."

நரி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. எருமை குளம்பைத் தூக்கி, நரியின் மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த டப்பாவின் அடிப்பாகத்தில் வைத்து, மெல்ல மெல்லப் பாரத்தை இறக்கியது. பிளாஸ்டிக் நெளிந்தது. அடியில் படீரென்று வெடித்துப் பிளந்தது. குளம்பு மூக்கைத் தொடவில்லை, டப்பாவை மட்டும் நகரவிடாமல் மிதித்துக்கொண்டது.

"இப்ப இழு."

நரி பின்னங்காலை ஊன்றி இழுத்தது. ஒரு காதின் ஓரத்துத் தோல் டப்பாவோடு தங்கிவிட்டது. தலை வெளியே வந்துவிட்டது.

மூன்று நாளாக வெளியே வராத பேச்சு முழுவதும் நரியின் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றது. "அக்கா, நீ..." என்று தொடங்கியது.

"மொதல்ல குடி" என்றது எருமை. திரும்பிப் போய்ச் சேற்றில் படுத்துவிட்டது.

நரி குடித்தது. சேற்றுத் தண்ணீர்தான். குடித்துக்கொண்டே இருந்தது.

செய்தி கிழக்குக் கரைக்குப் போக நேரம் ஆகவில்லை. காகமும் கொக்கும் மைனாக்களும் பறந்து வந்தன. கழுதை நடந்து வந்து சேர்ந்தது. காகம் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மேடைக் குரலில் கேட்டது:

"சங்கத்தின் அனுமதி இல்லாமல் இங்கே இரக்கம் காட்டியது யார்?"

எருமை காதை ஒருமுறை ஆட்டியது. ஈ உட்கார்ந்திருந்தது.

கொக்கு நரியிடம் வந்து, இப்போது வாயைத் திறக்க முடிகிறதாகையால் முறைப்படி விண்ணப்பிக்கலாம் என்று தெரிவித்தது. நரி வாயை அகலமாகத் திறந்து, தனக்கு வாயில்லை என்று தெளிவாகச் சொன்னது. அந்த வாய் எல்லோருக்கும் கடைவாய்ப் பல் வரை தெரிந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

"விண்ணப்பத்தில் குறையில்லை. விண்ணப்பித்தவரிடம்தான் குறை" என்றது கழுதை.

நரி சிரித்தது. தண்ணீர் இறங்கியதும் பழைய புத்தியும் திரும்பியிருந்தது.

"தலைவரே, எனக்கு ஒரு சந்தேகம். உங்களுக்கு இருக்கறது அலகு. நான் ஒத்துக்கிறேன். ஆனா அது வெளிய தெரியுதே? நாளைக்கு ஒருத்தன் வந்து அதுவும் வாய்தான்னு வம்பு பண்ணினா என்ன செய்வீங்க?"

காகத்துக்கு முகம் மாறியது.

"நீங்க ஒண்ணு யோசிக்கல. பேனர் கட்டினவங்களே இந்த டப்பாவையும் வச்சுட்டுப் போனாங்க. எதுக்காம்? வாயில்லாதவங்க தலையில வச்சுக்கறதுக்கு. கிரீடம், தலைவரே. நான் தெரியாத்தனமா மாட்டிப் பாத்தேன். என் மூஞ்சிக்குப் பொருந்துமா? சங்கத்துத் தலைவருக்குன்னு வச்சது."

கழுதை இதிலும் பிழை எதுவும் காணவில்லை.

காகம் இறங்கி வந்து டப்பாவை இரண்டு முறை சுற்றியது. பிறகு அடியில் பிளந்திருந்த வெடிப்பின் வழியாகத் தலையை உள்ளே நுழைத்தது. நுழையும்போது வழிவிட்ட பிளாஸ்டிக் பற்கள், தலையை இழுத்தபோது கழுத்து இறகைக் கவ்விக்கொண்டன. இழுக்க இழுக்க இறுகியது. காகம் சிறகை அடித்தது. டப்பாவோடு நாலடி எழும்பி, தலைகுப்புற விழுந்தது.

மைனாக்கள் கொக்கைப் பார்த்தன. கொக்கு விதியைப் பார்த்தது. தலைவருக்கு ஒரு நீதி, மற்றவருக்கு ஒரு நீதி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அது டப்பாவின் அருகே குனிந்து, மரியாதையாக வேண்டிக்கொண்டது. தலைவர் தன் வாயால் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடனே உதவிக்குத் தீர்மானம் போட்டுவிடலாம்.

டப்பாவுக்குள்ளிருந்து "க்ர்ர்" என்று ஒரு சத்தம் வந்தது.

"மெட்டு தெரிகிறது" என்றது கழுதை.

நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தபோது, டப்பாவுக்குள் ஆவி படர்ந்துகொண்டிருந்தது. காகத்தின் கண் அதற்குள் மங்கியது. தெளிந்தது. மங்கியது. ஆவிக்கு உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே சிரிக்கிறவர்கள் எப்படித் தெரிவார்கள் என்று அந்தக் கரையில் நரி ஒன்றுக்குத்தான் தெரியும்.

அதற்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

சேற்றில் எருமை முன்னங்காலை ஊன்றி எழத் தொடங்கியது.

"நீ இரு அக்கா. இது என் வேலை" என்றது நரி.

அது காகத்தின் மேல் ஒரு காலை வைத்து அழுத்திக்கொண்டு வாயைத் திறந்தது. பறவைகள் அலறிக்கொண்டு மரத்துக்கு ஏறின. காகம் பிளாஸ்டிக்கின் வழியாக நரியின் பற்களைப் பார்த்தது. முந்தைய நாள் அது தலைகீழாகக் குனிந்து உற்றுப் பார்த்துச் சந்தேகப்பட்ட அதே வாய். இப்போது சந்தேகம் எதுவும் இல்லை.

மூன்று நாளாக ஒரு பிடி மிக்சரைத் தவிர நரி எதையும் தின்றிருக்கவில்லை. காகத்தின் கழுத்து அதன் பற்களுக்கு நடுவில் இருந்தது. ஒரு கணம் நரி யோசிக்கத்தான் செய்தது. நரிதானே.

பிறகு பிளாஸ்டிக்கை மட்டும் கடித்தது. ஒரு பக்கம் கடித்துப் பிய்த்தது. மறுபக்கம் கடித்துப் பிய்த்தது. டப்பா இரண்டாக விரிந்தது. நரி காலை எடுத்தது.

காகம் எழுந்து நின்றது. கழுத்து இறகு கலைந்திருந்தது. அலகைத் திறந்தது. என்ன சொல்லப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகு மூன்று நாள் அது பேசவே இல்லை. அந்தக் குளத்தில் யாராவது வாயில்லாத ஜீவனாக இருந்ததுண்டு என்றால், அது அந்த மூன்று நாள் இருந்த காகம்தான்.

சங்கத்தை யாரும் கலைக்கவில்லை. கூட்டத்தைக் கூட்ட வேண்டியவர் பேசாமல் இருந்ததால் அது தானாக நின்றுபோனது. கிழக்குக் கரையில் கொக்கு மட்டும் சில நாள் காவல் நின்றது. நான்காம் நாள் எருமை எதுவும் தெரியாமல் அந்தப் பக்கம் நடந்து வந்து தண்ணீர் குடித்தது. அதன் பின்னால் எல்லோரும் வந்தார்கள்.

அடுத்த கோடையில் மனிதர்கள் மூன்று வேன்களில் வந்தார்கள். பழைய பேனருக்கு மேலே இன்னும் பெரிய பேனர் கட்டினார்கள். மைக்கில் பேசினார்கள், சாப்பிட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், கிளம்பினார்கள். கரை முழுக்க டப்பாக்கள் உருண்டன.

வேன்கள் திரும்பியதும் காகம் உயரப் பறந்து, டப்பா கிடக்கும் இடங்களை ஒவ்வொன்றாகக் கூவிச் சொன்னது. நரி அவற்றைக் கவ்வி இழுத்து வந்தது. தலையை மட்டும் உள்ளே விடவில்லை. போன வருடம் கல்லுக்கு ஓடிய நாயும் கூட வந்து இழுத்தது. எருமை ஒவ்வொன்றின் மேலும் காலை வைத்து நசுக்கியது. ஏனென்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

கழுதை புது பேனரின் கீழே நின்று படித்தது. "வாயில்லா ஜீவன்களிடம் இரக்கம் காட்டுவோம். இரண்டாம் ஆண்டு விழா." அது தலையைச் சாய்த்து யோசித்தது. "ரெண்டு வருசமா எழுதுறாங்க. அந்த வாயில்லாதது யாருன்னு இன்னும் தெரியலையே?"

காகம் கிளையில் வந்து உட்கார்ந்தது. வேன்கள் கிளப்பிய புழுதி சாலையில் இன்னும் அடங்கவில்லை. அதையே கொஞ்ச நேரம் பார்த்தது.

"அது தெரியல புலவரே. கண்ணில்லாதது யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

நீதி: ஓர் உயிர் தவிக்கிறது என்று அறிய அதற்கு வாய் இருக்க வேண்டியதில்லை, நமக்குக் கண் இருந்தால் போதும்.